பின்வரிசை உறுப்பினரால் என்ன செய்ய முடியும்?

(மாவட்ட ஊழியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் தேர்தலைப் பற்றிப் பேசினார்கள். தேர்தல் முடிந்த பிறகு நடக்க வேண்டிய வேலையைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளை. கொஞ்சம் வறண்ட விஷயம்தான். பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன்.

தேர்தல் நேரத்தில் தேநீர்க் கடை வாசலில் ஒரு கேள்வி கேட்பார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். "ஐந்நூற்று நாற்பத்து மூன்று பேர் உட்காருகிற சபையில் நம்ம ஆள் ஒருத்தர் போய் என்னத்தைக் கிழிக்கப் போறாரு? மந்திரியா ஆகப் போறாரா? கடைசி வரிசையிலே உட்கார்ந்து மேசையைத் தட்டிட்டு வரப் போறாரு!" கேட்பவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே பல ஆண்டுகள் அந்த எண்ணம்தான் இருந்தது.

எங்கள் பகுதியின் செயலாளராக இருந்தபோது நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்க எத்தனையோ முறை போயிருக்கிறேன். எதற்குப் போனேன் தெரியுமா? ரயிலில் படுக்கை இடம் வேண்டும், ஒரு கடிதம் கொடுங்கள் என்று போனேன். கேஸ் இணைப்புக்கும் டெலிபோன் இணைப்புக்கும் எம்.பி. சிபாரிசு தேவைப்பட்ட காலத்தில் அதற்காகப் போனேன். மத்திய அரசுப் பள்ளியில் பிள்ளைக்கு இடம் கேட்டுப் போனேன். அந்தப் பள்ளி ஒதுக்கீட்டையும் 2022இல் எடுத்துவிட்டார்கள். சட்டம் இயற்றுவதற்காக ஒருவரை அனுப்பிவிட்டு, அவரைக் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக ஆக்கி வைத்திருந்தோம். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நாம் வாழும் சட்டங்கள் எங்கிருந்து வந்தன?

சகோதரர்களே! நாடாளுமன்றத்தில் அமைச்சராக இல்லாத ஒவ்வொருவரும் தனி உறுப்பினர்தான். ஆளுங்கட்சிக்காரராக இருந்தாலும் சரி, எதிர்க்கட்சிக்காரராக இருந்தாலும் சரி. அவர் தன் பெயரில் கொண்டுவரும் மசோதாவுக்குத் தனிநபர் மசோதா என்று பெயர். நம்முடைய குடும்ப வாழ்விலும், பள்ளிவாசல் சொத்துகளிலும் கை வைக்கிற சட்டங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

1894இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒருவர் தன் சந்ததியின் நலனுக்காக வக்ஃபு செய்து, சந்ததி அற்றுப்போனால் ஏழைகளுக்கு என்று எழுதி வைத்தால், அந்த வக்ஃபு செல்லாது என்றது. நாடெங்கும் குடும்ப வக்ஃபுகள் ஆட்டம் கண்டன. இதை மாற்ற 1911இல் அன்றைய இம்பீரியல் சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. கொண்டுவந்தவர் அரசாங்கத்தைச் சேராத ஓர் இளம் வழக்கறிஞர். பெயர் முகம்மது அலி ஜின்னா. 1913இல் அது சட்டமாயிற்று. பிற்கால அரசியலில் அவர் எந்தப் பக்கம் போனார் என்பது வேறு விஷயம். வெள்ளைக்கார அதிகாரிகள் நிறைந்த சபையில், உத்தியோகம் ஏதுமில்லாத ஓர் உறுப்பினர் பிரிவி கவுன்சிலின் தீர்ப்பையே சட்டத்தால் மாற்றிக் காட்டினார் என்பதை மட்டும் இங்கே கவனியுங்கள்.

அடுத்து 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம். அதற்கு முன் பஞ்சாப் போன்ற பகுதிகளில் ஊர் வழக்கம் என்ற பெயரால் பெண்மக்களுக்குச் சொத்தில் பங்கு மறுக்கப்பட்டு வந்தது. ஹெச்.எம். அப்துல்லா என்ற உறுப்பினர் மத்திய சட்டசபையில் கொண்டுவந்த மசோதாதான் அந்த வழக்கத்தை ஒதுக்கி, ஷரீஅத்தே செல்லும் என்று ஆக்கியது. அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது. அந்த ஓட்டையை 1949இல் நம் சென்னை மாகாணச் சட்டமன்றம் திருத்தம் செய்து அடைத்தது. நஞ்சையிலும் புஞ்சையிலும் நம் வீட்டுப் பெண்கள் பங்கு கேட்க முடிகிறதென்றால், அதன் பின்னே இந்த இரண்டு படிகளும் இருக்கின்றன.

மூன்றாவது 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். கணவன் நான்கு ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்தால், இரண்டு ஆண்டுகள் செலவுக்குக் கொடுக்காமல் கைவிட்டிருந்தால், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றிருந்தால், கொடுமைப்படுத்தினால், மனைவி நீதிமன்றம் போய் விடுதலை கேட்கலாம் என்கிறது அது. கப்பலேறிப் போன கணவனிடமிருந்து கடிதமும் இல்லை, காசும் இல்லை என்று கண்ணீர் வடித்த எத்தனை பெண்களுக்கு அது கதவு திறந்தது! அதுவும் 1936இல் ஒரு தனி உறுப்பினர் கொண்டுவந்த மசோதாதான். மார்க்க அறிஞர்களின் ஆலோசனைக்குப் பின் எழுந்தது. இப்படிப்பட்ட வழக்குகளை முஸ்லிம் நீதிபதிதான் விசாரிக்க வேண்டும் என்று மசோதாவில் கேட்டிருந்தார்கள். சபை அதை ஏற்கவில்லை. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. கிடைத்ததை விட்டுவிடவும் இல்லை.

நான்காவது, சுதந்திர இந்தியாவில் நடந்தது. 1952இல் முதல் மக்களவை கூடியது. அந்த ஆண்டிலேயே சையத் முகம்மது அகமது காஸ்மி என்ற உறுப்பினர் முஸ்லிம் வக்ஃபு மசோதாவைக் கொண்டுவந்தார். 1954 மே மாதம் அது சட்டமாயிற்று. சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய முதல் தனிநபர் மசோதா அதுதான். வக்ஃபு சொத்துகளைக் கணக்கெடுக்க ஆணையர், மாநிலத்துக்கு ஒரு வாரியம், முத்தவல்லி கணக்குக் காட்ட வேண்டும் என்ற விதி, எல்லாம் அதில் இருந்தன. தமிழ்நாடு வக்ஃபு வாரியம் அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 1995இல் வேறு சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. ஆனால் அடித்தளம் போட்டவர் மந்திரி அல்ல.

1913, 1937, 1939, 1954. நான்கு சட்டங்கள். நான்கும் மந்திரி நாற்காலியில் இல்லாதவர்கள் கொண்டுவந்தவை. இனி யாராவது தேநீர்க் கடையில் அந்தக் கேள்வியைக் கேட்டால் இந்த நான்கு ஆண்டுகளைச் சொல்லுங்கள்.

மற்றவர்களும் செய்திருக்கிறார்கள்

இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய கதை என்று எண்ணிவிடக் கூடாது. நாடாளுமன்றத்தில் பேசியதை உள்ளபடி வெளியிட்டால் பத்திரிகை மீது வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பை 1956இல் பெற்றுத் தந்தது பெரோஸ் காந்தி கொண்டுவந்த தனிநபர் மசோதா. அவர் பிரதமர் நேருவின் மருமகன், ஆளுங்கட்சிக்காரர். ஆனாலும் மந்திரி இல்லை. அதே பெரோஸ் காந்தி 1957 டிசம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகப் பணம் முந்த்ரா கம்பெனிகளில் போடப்பட்டதைச் சபையில் கிளப்பினார். விசாரணை நடந்து, மறு ஆண்டு பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவசர நிலைக் காலத்தில் அந்தப் பத்திரிகைப் பாதுகாப்புச் சட்டத்தை ரத்து செய்தார்கள். 1977இல் அது திரும்பி வந்தது.

இன்னொருவர் ஆனந்த் நாராயண் முல்லா. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், உருதுக் கவிஞர். 1967இல் லக்னோவில் எந்தக் கட்சியும் இல்லாமல் சுயேச்சையாக வென்று மக்களவைக்கு வந்தார். கீழ்க் கோர்ட்டில் ஒருவன் விடுதலையாகிறான். அரசு அப்பீல் செய்து, உயர் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை கொடுக்கிறது. அவன் உச்ச நீதிமன்றம் போக அன்றைக்கு உரிமை கிடையாது. அனுமதி கேட்டு நிற்க வேண்டும். தூக்குத் தண்டனை என்றால்தான் உரிமை. முல்லாவின் மசோதா 1970இல் நிறைவேறி, ஆயுள் தண்டனைக்கும் பத்து ஆண்டுக்குக் குறையாத தண்டனைக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. சிறைக் கம்பிக்குப் பின்னால் இருப்பவனுக்கும், வெளியே காத்திருக்கும் அவன் தாய்க்கும் அதன் அருமை தெரியும்.

பதினான்கு மட்டுமே

உண்மையை மறைத்துப் பேசினால் அது உங்களுக்குச் செய்யும் துரோகம். சுதந்திரத்துக்குப் பின் சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14 மட்டுமே. முதலாவது காஸ்மியுடையது, கடைசி முல்லாவுடையது. 1970க்குப் பிறகு ஒன்றுகூட இரு சபைகளையும் தாண்டவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். மக்களவையில் தனி உறுப்பினர்களுக்கென்று ஒதுக்கப்படுவது வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரம். அதிலும் ஒரு வெள்ளிக்கிழமை மசோதா என்றால் இன்னொரு வெள்ளிக்கிழமை தீர்மானம். எந்த மசோதாவை முதலில் எடுப்பது என்று குலுக்கல் உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் ஆனதும் பலர் ஊருக்கு விமானம் ஏறிவிடுவார்கள். சபை நடக்கப் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர், அதாவது 55 பேர் வேண்டும். அந்த 55 பேர் இல்லாமல் சபை கலைந்த நாட்கள் உண்டு. அரசு எதிர்த்தால் மசோதா தோற்கும். அல்லது, "நாங்களே பார்த்துக் கொள்கிறோம், திரும்பப் பெறுங்கள்" என்று மந்திரி கேட்பார், உறுப்பினரும் திரும்பப் பெற்றுவிடுவார்.

அப்படியானால் எல்லாம் வீணா? இல்லை. திருநங்கையர் உரிமைக்காக நம் தமிழகத்தின் திருச்சி சிவா அவர்கள் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஆனால் அதன் பிறகு அரசே தன் மசோதாவைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2019இல் சட்டம் வந்தது. அவர் கேட்டதெல்லாம் அதில் இல்லை என்ற குறை உண்டு. ஆயினும் பேசாமல் இருந்த அரசைப் பேச வைத்தது அந்த மசோதா.

1985இல் ஷா பானு வழக்கின் தீர்ப்புக்குப் பின் பொன்னானி உறுப்பினர் பனாத்வாலா சாஹிப் அவர்களின் தனிநபர் மசோதா மீது மக்களவையில் நடந்த விவாதத்தை மூத்தவர்கள் அறிவார்கள். அந்த மசோதா நிறைவேறவில்லை. 1986இல் அரசே சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2001இல் ஒரு பொருள் சொன்னது, 2024இல் மற்றொன்று சொன்னது. அதன் நன்மை தீமை பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. அதற்குள் நான் போகவில்லை. ஒரு தனி உறுப்பினரின் தாள் அரசாங்கத்தின் மேசைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதற்கு அதுவும் உதாரணம்.

கேட் எண் இல்லாத மனு

மசோதா பெரிய விஷயம். அன்றாட ஆயுதம் கேள்விதான். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். இன்னும் 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். பதினைந்து நாள் முன்னதாகக் கேள்வி கொடுக்க வேண்டும். பதில் அச்சில் ஏறிவிட்டால் அது அரசாங்கத்தின் வாக்கு.

இதை நான் எப்படிக் கற்றேன் என்று சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் ஓரத்தில் ஆளில்லாத ரயில்வே கேட் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். முந்நூறு பேரிடம் கையெழுத்து வாங்கி, உருக்கமாக மனு எழுதிக்கொண்டு உறுப்பினர் வீட்டுக்குப் போனோம். அவர் முழுவதையும் படித்தார். பிறகு கேட்டார்:

"பாய், மனு நல்லா இருக்கு. கேட் நம்பர் என்ன?"

எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

"எந்த ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவிலே? இதுக்கு முன்னே யாருக்கு மனு கொடுத்தீங்க? என்ன பதில் வந்துச்சு? ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகுது?"

வாயடைத்து நின்றோம். "இதெல்லாம் இல்லாம நான் கேள்வி கொடுத்தா, 'விவரம் இல்லை'ன்னு ஒரு வரியிலே பதில் சொல்லி முடிச்சிடுவாங்க. போய் எழுதிட்டு வாங்க" என்றார். ஊருக்கு வந்து, கல்யாண வேலை, ரமலான் வேலை என்று இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டோம். விவரத்தோடு போனபோது கூட்டத்தொடர் முடிந்திருந்தது. அந்தத் தாமதம் முழுக்க எங்களுடையது. இடையில் அந்தக் கேட்டில் ஒரு விபத்து நடந்திருந்தால் யார் பொறுப்பு என்ற எண்ணம் இன்றைக்கும் என் தூக்கத்தைக் கெடுக்கும்.

அடுத்த கூட்டத்தொடரில் அவர் கேள்வி கொடுத்தார். "பரிசீலனையில் உள்ளது" என்று எழுத்தில் பதில் வந்தது. நாங்கள் சோர்ந்துவிட்டோம். அவர் சிரித்தார். மந்திரி சபையில் 'பரிசீலிக்கிறோம்' என்று சொன்னால் அது உறுதிமொழியாகக் கணக்கிடப்படும், அதைக் கண்காணிக்க நாடாளுமன்றத்தில் உறுதிமொழிக் குழு என்று ஒரு குழுவே இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அவகாசம் கேட்க வேண்டும் என்று விளக்கினார். அந்தத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்துக்கு நடந்தோம். மூன்று மாதத்தில் முடியவில்லை. மூன்று ஆண்டு ஆயிற்று. ஆனால் கேட்டுக்கு ஆள் வந்தார். ஒரு கேள்வி, ஒரு தாள், ஒரு கேட் எண். இவ்வளவுதான் சகோதரர்களே.

தோற்றதும் பதிவாகிறது

சிலர் கேட்பார்கள்: "திருத்தம் கொடுத்தார், தோற்றுப்போனது, என்ன பயன்?" கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் 1948 நவம்பர் 23ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவுக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். எந்த மக்களுக்கும் தங்கள் தனிச் சட்டத்தைக் கைவிட வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். திருத்தம் தோற்றது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல டாக்டர் அம்பேத்கர் எழ வேண்டி வந்தது. விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் பொருந்தும்படியாக எதிர்கால நாடாளுமன்றம் அதைத் தொடங்கலாம் என்று அவர் சொன்னது, அன்று அந்தத் திருத்தங்கள் வந்திராவிட்டால் ஏட்டில் ஏறியிராது. இன்றும் அந்தப் பிரிவைப் பற்றி வாதம் வரும்போதெல்லாம் அந்த நாளின் ஏட்டைத்தான் புரட்டுகிறார்கள்.

2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்த மசோதா மக்களவையில் 288க்கு 232, மாநிலங்களவையில் 128க்கு 95 என்ற கணக்கில் நிறைவேறியது. கூட்டுக் குழுவிலும் சபையிலும் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கொடுத்த திருத்தங்கள் தோற்றன. ஆனால் குழுவின் அறிக்கையோடு அவர்கள் மாறுபட்ட கருத்தை எழுதி வைத்தார்கள். அவர்கள் ஆட்சேபித்த அம்சங்கள் நீதிமன்றத்துக்கும் போயின. 2025 செப்டம்பர் 15இல் உச்ச நீதிமன்றம், சட்டம் முழுவதையும் நிறுத்த மறுத்தாலும், ஐந்தாண்டு மார்க்கத்தைப் பின்பற்றியிருந்தால்தான் வக்ஃபு செய்யலாம் என்பது உள்ளிட்ட சில விதிகளை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. சபையில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, வெளியே வந்து கூச்சல் போடுவதில் பயன் இல்லை. உள்ளே இருப்பவர் அந்தந்த விதியை எடுத்து, அந்தந்த வரியை எதிர்க்க வேண்டும்.

நம் பங்கு

முடிக்கிறேன். இந்த முகாமிலிருந்து ஊருக்குப் போகிறவர்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று: ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒரு கோப்பு திறக்க வேண்டும். கபரஸ்தான் பிரச்சினையா, சர்வே எண் எழுதுங்கள். கல்வி உதவித்தொகை வரவில்லையா, எத்தனை பிள்ளைகள், எந்த ஆண்டு, விண்ணப்ப எண் என்ன என்று எழுதுங்கள். கொடுத்த மனுவின் நகல், வந்த பதிலின் நகல், தேதியோடு இருக்கட்டும். மாநில அரசின் விஷயத்தை சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். மத்திய அரசின் விஷயத்தை நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் மனு அலையும்.

இரண்டு: கூட்டத்தொடர் தொடங்க ஒரு மாதம் முன்பே போங்கள். முடிந்த பிறகு மாலை போடப் போக வேண்டாம்.

மூன்று: கணக்குக் கேளுங்கள். நம்மவர், அடுத்தவர் என்று பார்க்க வேண்டாம். எத்தனை கேள்வி கேட்டீர்கள், எந்த மசோதாவில் திருத்தம் கொடுத்தீர்கள், வெள்ளிக்கிழமை மதியம் சபையில் இருந்தீர்களா என்று கேளுங்கள். இந்த விவரமெல்லாம் இன்று நாடாளுமன்றத்தின் இணைய தளத்திலேயே கிடைக்கிறது. நம் வீட்டுக் கல்லூரிப் பிள்ளை பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடும். எத்தனை கல்யாணத்துக்கு வந்தார் என்ற கணக்கை வைத்து ஓட்டுப் போட்டால், அடுத்த முறையும் கல்யாணத்துக்கு வருபவர்தான் கிடைப்பார்.

காஸ்மி கொண்டுவந்த அந்த மசோதாவுக்குப் பின்னால், கணக்குக் காட்டாத வக்ஃபுகளைப் பற்றி ஊர் ஊராகக் கிளம்பிய முறையீடு இருந்தது. அந்த முறையீட்டை எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். கோப்பு தயாராக இருந்தால், கடைசி வரிசையில் உட்கார்ந்தவரின் குரலும் முதல் வரிசைக்குக் கேட்கும்.